பலகையின் கடைசிக் கொக்கி

கிரிம்ஸ்டன் கம்பனிக்கு இலங்கையில் சொந்தமாக ஒரு தேயிலைச் செடி கூடக் கிடையாது. மற்றவர்களின் தோட்டங்களைப் போய்ப் பார்த்து, இதைச் செய், அதைச் செய்யாதே என்று எழுதிக் கொடுப்பதுதான் அதன் தொழில். தோட்டங்களின் சொந்தக்காரர்கள் லண்டனில் இருந்தார்கள். தங்கள் செடி உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல அவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. எங்கள் துரை வருடத்துக்கு இரண்டு தடவை குதிரையேறித் தோட்டம் தோட்டமாகச் சுற்றுவார். அவர் கிறுக்கிக்கொண்டு வந்ததைப் பதுளைக் கந்தோரில் இருந்த நாங்கள் ஆறு கிளாக்கர்மாரும் ரிப்போர்ட்டாக எழுதிக் கப்பலுக்கு அனுப்புவோம்.

கந்தோர்ச் சுவரில் ஒரு பலாப் பலகை தொங்கியது. அதில் மேலிருந்து கீழாக ஆறு கொக்கிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கிளாக்கரின் பெயர் எழுதிய தகடு. முதல் கொக்கியில் இருப்பவர் பெரிய கிளாக்கர். அவர் விலகினால் இரண்டாமவர் ஏறுவார். கம்பனியில் பதவி உயர்வு என்பது அவ்வளவுதான். கெட்டிக்காரனா மடையனா என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கந்தோரில் எந்தத் தேதியில் வந்து உட்கார்ந்தாய் என்பது மட்டும்தான் கேள்வி.

லுணுகலையிலும் பண்டாரவளையிலும் கம்பனிக்குச் சின்னக் கந்தோர்கள் இருந்தன. மாற்றலாகிப் போகிறவனின் தகடு பதுளையில் கழற்றப்பட்டு, அங்கே கடைசிக் கொக்கியில் மாட்டப்படும். திரும்பி வந்தால் இங்கேயும் கடைசிக் கொக்கி. இடையில் போன வருடங்கள் கணக்கில் வராது. அதோடு இன்னொரு வழக்கமும் இருந்தது. எந்தக் கந்தோரில் ஆள் குறைந்தாலும் முதலில் அனுப்பப்படுவது கடைசிக் கொக்கிக்காரன்தான். ஆகவே ஒரு தடவை போனவன் போய்க்கொண்டேயிருப்பான். ஏறவே மாட்டான்.

மாற்றல் கடிதத்திலிருந்து தப்ப நாங்கள் செய்யாத வேலையில்லை. ஒருவன் தன் மாமியார் சாகக் கிடப்பதாக எழுதிக் கொடுத்தான். அடுத்த வாரம் அந்த அம்மா கந்தோருக்கே வந்து எல்லாருக்கும் முறுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

என் கதை அவ்வளவு வேடிக்கையானதில்லை. 1903-இல் லுணுகலைக் கிளாக்கர் காய்ச்சலில் செத்துப்போனார். அப்போது நான்தான் கடைசிக் கொக்கி. ஜெயராசா என்று என் பெயருக்கே கடிதம் வந்தது. நான் ஆஸ்பத்திரி அப்போதிக்கரிடம் போய், நெஞ்சு பலவீனம், காய்ச்சல் பிரதேசம் ஆகாது என்று துண்டுச் சீட்டு வாங்கிக் கொடுத்தேன். என் நெஞ்சுக்கு ஒன்றுமில்லை.

எனக்குப் பதிலாக வீரசிங்கம் போனான்.

வீரசிங்கம் அப்போது இரண்டாவது கொக்கியில் இருந்தான். பெரிய கிளாக்கர் தம்பையாவுக்கு அடுத்தவன். பதுளைக் கடைத்தெருவில் அவன் அப்பாவுக்குப் புடவைக் கடை. சும்மா உட்கார்ந்திருந்தாலே அவன் பெரிய கிளாக்கர் ஆகியிருப்பான். அவனாகவே துரையிடம் போய், தன்னை அனுப்பும்படி கேட்டான். கேள்விப்பட்டு நான் பதறிப்போய் அவனைப் பிடித்தேன்.

"ஏன்டா சிங்கம், பைத்தியமா ஒனக்கு?"

"நாலு வருசமா கொழுந்து, கொழுந்துன்னு எழுதுறேன். செடிக்குப் பக்கத்துல ஒரு நாள் நின்னதில்ல. வெக்கமா இருக்குடா."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் போறேன். நீ நெஞ்சப் பாத்துக்க" என்று சொல்லிச் சிரித்தான்.

இதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் அவனே திட்டுவான். எனக்காக அவன் போகவில்லை. பார்க்கவேண்டுமென்று நினைத்தான், போனான். அவன் தகட்டைக் கழற்றிய பியோன் றவூப் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

லுணுகலையில் ஐந்து வருடம். அங்கே அவனுக்கு மூன்று தடவை மலைக்காய்ச்சல். பிறகு பண்டாரவளைக்கு ஆள் தேவைப்பட்டது. அங்கே மூன்று வருடம். 1911 கடைசியில் பதுளைக்குத் திரும்பினான். இதற்குள் எனக்கு மேலே இருந்தவர்களில் ஒருவர் அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்துக்குப் போனார், ஒருவர் செத்தார், ஒருவர் இந்தியாவுக்கே திரும்பிவிட்டார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே இரண்டாவது கொக்கிக்கு வந்துவிட்டேன். வீரசிங்கத்தின் தகடு ஆறாவதில் தொங்கியது. அவனுக்குக் கதவோரம் இடம். மழைச் சாரல் நேராக மேசையில் விழும். கடைசிக் கொக்கிக்காரனின் வேலை, மற்றவர்கள் எழுதியதை இரும்பு அழுத்தியில் வைத்துப் பிரதி எடுப்பது. அதையும் அவன் ஒழுங்காகச் செய்தான். முகம் சுளித்து ஒரு நாளும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவன் மனைவி கனகம் அப்படியில்லை. வழியில் எங்கே பார்த்தாலும் என்னை நிறுத்தி ஒரே கேள்விதான் கேட்பாள்.

"அண்ணே, நெஞ்சு எப்படி இருக்கு? மூச்சு வாங்குதா?"

"பரவால்ல கனகம்."

"நல்லாப் பாத்துக்குங்க. ஒங்க நெஞ்சுக்காக நாங்க எட்டு வருசம் பொட்டி கட்டியிருக்கோம்." பிறகு குரலை இறக்கிச் சொல்வாள். "இன்னொரு தடவை கட்டமாட்டேன். பிள்ளைங்க எந்தப் பள்ளிக்கூடத்துலயும் ஒரு வகுப்ப முடிக்கல. இனி மாத்தினா அவரு மட்டும் போகட்டும். நான் இங்கதான். அவருகிட்டயும் சொல்லிட்டேன்."

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் ரிப்போர்ட் எல்லாவற்றின் கடைசியிலும் ஒரு தாள் இருக்கும். கவ்வாத்து அட்டவணை. கவ்வாத்து என்றால் வயதான செடியை இடுப்புக்குக் கீழே வெட்டிப் புதுக் குருத்து வரவிடுவது. எந்த மலைச் செடியை எந்த மாதம் வெட்டுவது என்று அந்தத் தாள் சொல்லும். கம்பனியைத் தொடங்கிய முதல் துரை டிக்கோயாவிலிருந்து வந்தவர். அவர் எழுதிவைத்துவிட்டுப் போன ஒரே தாளைத்தான் இருபது வருடமாகத் தோட்டத்தின் பெயரை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டிருந்தோம். தாய்ப் பிரதி என்று அதற்குப் பெயர். துரைகூட அந்தக் கடைசித் தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். அதில் 'ஜூன்' என்று இருந்தது.

மேற்கு மலையான டிக்கோயாவில் ஜூன் மாதம் மழை. பதுளை இருக்கும் ஊவாவில் ஜூன் மாதம் வறண்ட கச்சான் காற்று. ஓடு பறக்கும், குடை திரும்பும், உதடு வெடிக்கும். இதெல்லாம் பதுளையில் பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தெரியாதா? தெரியும். வாயில் மண் விழ விழ நடந்துபோய்க் கந்தோரில் உட்கார்ந்து, 'ஜூன்' என்று எழுதுவோம். வெளியே அடிக்கிற காற்றுக்கும் நாங்கள் எழுதுகிற மாதத்துக்கும் சம்பந்தம் உண்டென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோட்டங்களில் இருந்த பழைய துரைமார் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, ஒக்டோபர் மழைக்கு வெட்டிக்கொண்டார்கள். அதனால் எங்கள் தப்பு வெளியே தெரியவேயில்லை.

1912 ஏப்ரலில் லுணுகலைப் பக்கம் கறுப்பன்கல் தோட்டத்துக்கு நான் ரிப்போர்ட் எழுதினேன். பிரதி எடுக்க வீரசிங்கத்திடம் போனது. அவன் தாளோடு எழுந்து என் மேசைக்கு வந்தான். கடைசிக் கொக்கிக்காரன் இரண்டாவது கொக்கிக்காரனின் எழுத்தைப் பற்றி வாய் திறப்பது எங்கள் கந்தோரில் வழக்கமில்லை.

"ராசா, கறுப்பன்கல்லுக்கு இப்ப ஒரு புதுத் தொரை வந்திருக்காரு. சீமையில இருந்து வந்து ஆறு மாசம் ஆகல. எழுதினத அப்படியே செய்வாரு. இந்த ஜூன வெட்டிட்டு ஒக்டோபர்னு போடு."

மற்றவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். தம்பையா ஓகஸ்டில் விலகப்போகிறார், அடுத்தது நான். இந்த நேரத்தில் கடைசிக் கொக்கி என்னைத் திருத்துவதா?

"தாய்ப் பிரதியில கை வைக்க நீ யாரு?" என்று கேட்டேன்.

அவன் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டான். "சரி" என்றான். போய்ப் பிரதி எடுத்தான். அந்தச் 'சரி' அதற்குப் பிறகு எத்தனையோ நாள் என் காதில் கிடந்தது.

ஜூலைக் கடைசியில் கறுப்பன்கல் துரையிடமிருந்து கடிதம் வந்தது. ரிப்போர்ட்டில் சொன்னபடி நாற்பது ஏக்கர் வெட்டியதாகவும், செடிகள் காய்ந்து சாவதாகவும், லண்டனுக்கும் எழுதிவிட்டதாகவும் இருந்தது. எங்கள் துரை என்னைக் கூப்பிட்டார்.

"நீதானே பெரிய கிளாக்கர் ஆகப் போறது? நீயே போ. பார்த்திட்டு வந்து சொல்லு."

பசறை வரைக்கும் மாட்டு வண்டி, அதற்கப்பால் நடை. பதினொரு வருட உத்தியோகத்தில் நான் பசறையைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. காற்று முகத்தில் அறைந்தது. மறுநாள் காலை கறுப்பன்கல் மலையின் அடியில் போய் நின்றேன்.

நாற்பது ஏக்கரும் மொட்டைக் கட்டைகள். பட்டை வெடித்து, வெயில் பட்ட பக்கம் தீயில் காட்டியது போலக் கறுத்திருந்தது. ஒரு கட்டையைக் கையால் அசைத்தேன். முறிந்து கையோடு வந்தது. மலைச் சரிவில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் மானாப்புல் அறுத்துக் கட்டைகள் மேல் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வயதில் மூத்தவள், பெரியாயி என்று பெயர், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"பதுளைக் கந்தோரு ஐயாங்களா?"

"ஆமா."

"ஜூன் மாசம் வெட்டச் சொல்லி எழுதினது நீங்கதானுங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா" என்றேன்.

"பதுளையில காத்து அடிக்கிறதில்லீங்களா?"

"அடிக்கும்."

"அப்ப தெரிஞ்சேதான் வெட்டச் சொன்னீங்களா?"

மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி, "ஐயா கந்தோருக்குள்ள இருப்பாருடி. சன்னலு இருக்காது" என்றாள். பெரியாயி மட்டும் சிரிக்கவில்லை.

"செடி செத்தா அடுத்த வருசம் கொழுந்து இல்ல. கொழுந்து இல்லாட்டி எங்களுக்குப் பேரு விழாது. பேரு விழலேன்னா அரிசி இல்ல. அதையும் எழுதிக்குங்க" என்றாள். பேர் என்றால், காலையில் ஆட்களைக் கூட்டி எண்ணும் பெரட்டில் ஒரு நாள் வேலைக்குப் போடும் பதிவு. பலகையில் ஒரு பெயர் மேலே ஏறுவதை மட்டும் பதினொரு வருடம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

கங்காணி இராமையா வந்து என்னை மேட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பத்து ஏக்கர் அளவுக்கு வேறு மாதிரி இருந்தது. வெட்டிய கிளைகளையே கட்டைகள் மேல் கூரை போலப் போட்டிருந்தார்கள். இராமையா குனிந்து ஒரு கிளையைத் தூக்கிக் காட்டினார். அடியில் கட்டை பச்சையாக இருந்தது. சிவப்பாக, நெல்மணி அளவில், குருத்துகள்.

"இது மட்டும் எப்படிப் பிழைச்சது?"

"சிங்கம் ஐயா சொன்னாரு. ஆனா, வெட்டின கெளைய எல்லாம் குழியில பொதைக்கணும்னு ஒங்க ரிப்போட்டுல இருக்குன்னு தொரை சொல்லிட்டாரு. அவரு கண்ணுக்குப் படாத எடத்துல மட்டும் பத்து ஏக்கரு மூடினோம். இப்பத்தான் மிச்சத்தையும் மூடச் சொல்றாரு. இப்ப மூடி என்ன செய்ய?"

தலைப்பாகைக்குள்ளிருந்து ஒரு தபால் அட்டையை எடுத்துக் கொடுத்தார். ஏப்ரல் முத்திரை. வீரசிங்கத்தின் கையெழுத்து.

'இராமையாவுக்கு. ஜூனில் வெட்டும்படி எங்கள் ரிப்போர்ட் வருகிறது. அது தவறு. துரையிடம் சொல்லிப் பாரும். கேளாவிட்டால் வெட்டிய கிளைகளைப் புதைக்காமல் செடியின் மேலேயே பரப்பும். கச்சான் முடியும் வரை எடுக்க வேண்டாம். நான் எழுதியதாக ஒருவரிடமும் சொல்ல வேண்டாம். தவறு எழுதியவர் நல்லவர், கவனியாமல் எழுதிவிட்டார்.'

காற்றில் அட்டை படபடத்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இரண்டாம் தடவை படித்தேன். துரையிடம் போய் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தாலும் அவனுக்கு ஒரு கொக்கி கூட ஏறாது, மூன்றாவது ஆள்தான் ஏறுவான். ஒரு லாபமுமில்லாத காரியத்துக்குத் தபால் அட்டை வாங்கி, யாருடையதோ ஒரு மலையில் பத்து ஏக்கரைக் காப்பாற்றியிருக்கிறான். செடி சாகக்கூடாது, அவ்வளவுதான் அவனுக்கு.

"இத நான் கொண்டு போகலாமா?"

இராமையா தயங்கி, அட்டைக்குக் கையை நீட்டினார். "சொல்ல வேணாம்னு எழுதியிருக்காருங்களே."

"நான்தான் அந்த நல்லவர்" என்றேன். அவர் நீட்டிய கையை இறக்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை பதுளைக் கந்தோருக்குள் நுழைந்தபோது றவூப் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளிக்கெழம தம்பையா ஐயா போறாரு. ஒங்க தகட்ட மினுக்கி வச்சிருக்கேன்" என்றான். பிறகு கதவோரம் கண்ணைக் காட்டினான். "அவருக்கும் கடுதாசி வந்திட்டு. லுணுகலைக் கிளாக்கர் ஓடிட்டாராம். மறுபடியும் அவருதான்."

வீரசிங்கம் அழுத்தியின் பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான். மேசையில் மாற்றல் கடிதம் மடித்தபடி கிடந்தது.

"கனகத்துக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். பொட்டிய முத்தத்துல போட்டுட்டா. என் வேட்டி நாலு மட்டும் அதுக்கு மேல வச்சிருக்கா." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "மலை எப்படி?"

"முப்பது ஏக்கர் போச்சு. பத்து இருக்கு."

"பத்தா?" என்றான். அந்த ஒரு நொடி அவன் முகத்தில் இருந்தது சந்தோஷம்தான். மாற்றல் கடிதம் அங்கேயே கிடந்தது.

நான் துரையின் அறைக்குள் போனேன்.

"யாரு எழுதினது அந்தத் தாள்?" என்று கேட்டார் துரை.

"நான்தாங்க. தப்புன்னு ஏப்ரல் மாசமே ஒருத்தர் சொன்னாரு. நீ யாருன்னு கேட்டேன்." அட்டையை மேசையில் வைத்தேன்.

துரைக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. "படி" என்றார். நான் சத்தமாகப் படித்தேன். கதவு திறந்திருந்தது. அழுத்தியின் கிறீச்சுச் சத்தம் நின்றுபோனது. 'தவறு எழுதியவர் நல்லவர்' என்ற வரிக்கு முன்னால் அட்டையைக் கீழே வைத்துவிட்டேன். துரை, "மிச்சம்?" என்றார். மிச்சத்தையும் படித்தேன்.

"லுணுகலைக்கு நான் போறேன் தொரை. ஒன்பது வருசத்துக்கு முந்தியே நான் போயிருக்க வேண்டியது."

"ஒன் நெஞ்சு?" என்றார். அவருக்கு ஞாபகம் இருந்தது.

"நெஞ்சுக்கு ஒண்ணுமில்லீங்க. அன்னிக்கும் இல்ல."

துரை எழுந்து வெளியே வந்து பலகையின் முன்னால் நின்றார். மூன்றாவது தகட்டைப் பிரம்பால் தட்டினார்.

"இவன் எத்தனை கந்தோர் பார்த்திருக்கான்?"

"இது ஒண்ணுதாங்க."

"நாலாவது?"

"இதுதான்."

"அஞ்சாவது?"

"இது."

பிரம்பு ஆறாவதில் வந்து நின்றது. அவர் கேட்கவில்லை, நான் சொன்னேன்: "மூணு."

"இனிமே ரெண்டு கந்தோர் பார்க்காதவன் மொதக் கொக்கிக்கு வரக்கூடாது" என்றார் துரை. "றவூப், மாத்து."

நியாயத்துக்காக அவர் அப்படிச் செய்தார் என்று நான் எழுத மாட்டேன். லண்டனுக்கு அவர் ஒரு பதில் சொல்லவேண்டியிருந்தது. என்ன திருத்தம் செய்தாய் என்று கேட்பார்கள். ஆனாலும் அந்தத் திருத்தத்துக்கு உயிரோடு ஓர் ஆள் கதவோரம் உட்கார்ந்திருந்தான். அது துரையின் அதிர்ஷ்டம்.

றவூப் ஆறாவது தகட்டைக் கழற்றினான். இத்தனை தடவை கழற்றி மாட்டியதில் அதன் துளை தேய்ந்து நீண்டுபோயிருந்தது. முதல் கொக்கியில் அது சாய்ந்துதான் தொங்கும் என்று றவூப் சொன்னான். அதற்குள் வீரசிங்கம் என் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"எவன்டா ஒன்ன அந்தக் கார்ட்டக் கொண்டாரச் சொன்னது? தொரை பேச்ச மீறிக் கெளைய மூடினான்னு இராமையாவ வெரட்டிப்புட்டா யாரு பொறுப்பு?"

நான் அதை யோசிக்கவே இல்லை. இப்போது பெரிய கிளாக்கராகப் போகிற வீரசிங்கம் அந்த நேரத்தில் நினைத்தது அதைத்தான். தம்பையா விலகும் வரை காத்திராமல் அன்று மத்தியானமே துரையிடம் பேசி, கறுப்பன்கல்லுக்கு ஒரு கடிதம் எழுதவைத்தான்: பத்து ஏக்கர் பிழைத்தது கங்காணியின் கெட்டித்தனத்தால், கம்பனி அவரைப் பாராட்டுகிறது என்று. அது தபாலில் போனபிறகுதான் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான்.

அடுத்த வாரம் தாய்ப் பிரதியில் மாதம் இருந்த இடத்தை வெறுமையாக விட்டான். ஒவ்வொரு தோட்டத்திலும் நின்று கேட்டுத்தான் நிரப்ப வேண்டும், கந்தோரில் இருந்துகொண்டு நிரப்பக்கூடாது என்று உத்தரவு. வருடத்துக்கு ஒரு கிளாக்கர் வெளியே போய்த்தான் ஆகவேண்டும் என்றும் வந்தது. எல்லாரும் அவனைத் திட்டினார்கள். முறுக்குக்கார மாமியாரின் மருமகன் அதிகமாகத் திட்டினான்.

என் மாற்றல் கடிதத்தில் அவன்தான் கையெழுத்துப் போட்டான்.

"திரும்பி வந்தா கடைசிக் கொக்கிதானா?" என்று கேட்டேன்.

"போய் இருந்த வருசத்தையும் கூட்டணும்னு தொரைகிட்டச் சொல்லியிருக்கேன். சரின்னு இன்னும் சொல்லல." பேனாவைத் துடைத்தான். "நீ மொதல்ல போடா."

புறப்படும்போது அவன் வீட்டு வாசலில் நின்றேன். முற்றத்தில் அந்தப் பெட்டியைக் காணவில்லை. அதன் பலகைகளை அடித்துக் கனகம் ஒரு கோழிக்கூடு செய்வித்திருந்தாள். பக்கத்தில் பூட்டு மட்டும் கிடந்தது. அதை எடுத்து என் கையில் வைத்தாள்.

"ஒங்களுக்கு வேணும்ல" என்றாள். நெஞ்சைப் பற்றிக் கேட்கவில்லை.

லுணுகலையில் கிளாக்கர் வேலைக்கு நான் ஒருவன்தான். அங்கத்தைய பலகையில் முதல் பெயரும் கடைசிப் பெயரும் நான். செப்டம்பர் முடியக் காற்று நின்றது. ஒக்டோபரில் மழை வந்த மறுநாள் கறுப்பன்கல்லுக்கு ஏறினேன். காய்ந்த முப்பது ஏக்கரைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்றுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியாயி மழைக்குப் போட்ட கொங்காணிச் சாக்குக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"சிங்கம் ஐயா வரலீங்களா?"

"இனி வரமாட்டாரு. பதுளையில பெரிய கிளாக்கர் ஆயிட்டாரு."

"அப்ப நீங்கதானா?" என்று தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "சரி, வாங்க. எந்த மலைய எப்ப வெட்டணும்னு சொல்றேன். எழுதிக்குங்க."

ஒரே கையால் எழுத முடியவில்லை. குடையை மடக்கிவிட்டு எழுதினேன்.